சேலத்திலிருந்து சுக்காவ்: கினபாத்தாங்கான் ஆற்றங்கரைக்குக் குடும்பத்தோடு போகலாமா?

"மே மாதம் கோலாலம்பூரில் உள்ள தங்கை வீட்டுக்குக் குடும்பத்தோடு போகிறோம். அங்கிருந்து போர்னியோவில் சுக்காவ் என்ற மீனவக் கிராமத்துக்குப் போனால் படகில் இருந்தபடியே காட்டு விலங்குகளைப் பார்க்கலாம் என்கிறார் மாப்பிள்ளை. மூன்று நாள் போதுமா? அம்மாவுக்கு 68 வயது, சுத்த சைவம். பையனுக்கு ஒன்பது வயது. முதலை உள்ள ஆறு என்கிறார்கள். செய்யும் செலவுக்குத் தகுமா?" அஸ்தம்பட்டியிலிருந்து வந்த கேள்வி இது.

தகும். ஆனால் மூன்று நாள் போதாது; நான்கு நாள், மூன்று இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால் இந்தப் பயணத்தை அடுத்த முறைக்குத் தள்ளிவைப்பது நல்லது. ஓரிரவு தங்கித் திரும்புகிறவர்கள் நிறைய. அவர்களுக்குக் கிடைப்பது ஒரு மாலைப் படகும் ஒரு காலைப் படகும். அந்த இரண்டிலும் மழை அடித்துவிட்டால் கொட்டிய பணம் ஆற்றோடு போயிற்று. போர்னியோத் தீவில் உள்ள மலேசிய மாநிலமான சபாவில், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனை ஆலையின் எடைமேடைக் கணக்கில் சில வருடம் இருந்தவன் நான். இப்போது ஏற்காடு அடிவாரத்தில் இருக்கிறேன். ஆகவே ஆற்றைப் பற்றியும், ஆற்றை ஒட்டி இருக்கும் செம்பனைத் தோட்டங்களைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் சுக்காவ் புரியாது.

முதலில் இடம். கினபாத்தாங்கான் என்பது சபா மாநிலத்தின் மிக நீளமான ஆறு. சுமார் 560 கிலோமீட்டர். தென்மேற்கு மலைகளில் பிறந்து கிழக்கே சூலு கடலில் கலக்கிறது. கடலை நெருங்க நெருங்கத் தரை தட்டையாகிவிடுவதால் ஆறு பாம்பு போல வளைந்து வளைந்து போகும். வெள்ள காலத்தில் வளைவை அறுத்துக்கொண்டு நேரே பாய்ந்துவிடும். பழைய வளைவு தனி ஏரியாக மிஞ்சி நிற்கும். அந்த ஏரிகளும், பக்கத்திலிருந்து வந்து சேரும் சிற்றாறுகளும்தான் விலங்கு பார்க்க ஏற்ற இடங்கள். சுக்காவ் இந்தக் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. ஓராங் சுங்காய் என்னும் ஆற்றங்கரை மக்களின் ஊர். பெரும்பாலும் முஸ்லிம்கள். மீன், பெரிய நன்னீர் இறால், பிரம்பு, குகைகளில் பறவைக்கூடு எடுப்பது இவைதான் பரம்பரைப் பிழைப்பு. 1990-களில் விடுதிகள் வந்தபிறகு படகோட்டியாகவும் வழிகாட்டியாகவும் பலர் மாறிவிட்டார்கள். இறாலுக்கு மூங்கிலில் பின்னிய கூண்டு வைப்பார்கள்; அதற்கு பூபு என்று பெயர். மேட்டூர் அணையில் பரிசலில் போய் வலை எடுப்பவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, விடியற்காலையில் ஒருவர் தனியாகப் படகை நிறுத்திக் கூண்டை மேலே இழுக்கும் அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. உங்கள் படகோட்டியிடம் கேட்டால் வேகத்தைக் குறைத்து அருகில் கொண்டுபோவார்.

போகும் வழி. சேலத்திலிருந்து திருச்சிக்கு நாமக்கல் வழியாக மூன்று மணி நேரம். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் உண்டு என்பதால் நம் பக்கத்து ஆட்களுக்குச் சென்னையை விட அதுதான் வசதி. கோலாலம்பூரிலிருந்து சபாவின் கிழக்குக் கரை நகரமான சண்டகானுக்கு விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. உள்நாட்டு விமானம்தானே என்று பாஸ்போர்ட்டைத் தங்கை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். சபாவுக்குத் தனிக் குடிநுழைவு அதிகாரம் உண்டு; அங்கே இறங்கும்போது மீண்டும் பாஸ்போர்ட் பார்ப்பார்கள். விசாவைப் பொறுத்தவரை, 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று மலேசியா அறிவித்தது. கெடு வைத்து நீட்டித்து வரும் சலுகை அது, எனவே டிக்கெட் எடுக்கும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மின்னணு வருகைப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசினுடையது அன்று.

சண்டகானிலிருந்து சுக்காவ் சுமார் 130 கிலோமீட்டர், வேனில் இரண்டரை மணி நேரம். லகாட் டத்து நெடுஞ்சாலையில் போய் ஒரு பிரிவில் இடப்பக்கம் திரும்பினால் கடைசி நாற்பது சொச்சம் கிலோமீட்டர் கிராமத்துச் சாலை. விடுதிகளின் வேன் நண்பகலை ஒட்டிப் புறப்படும், ஏனென்றால் நான்கு மணிப் படகுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வேனைத் தவறவிட்டால் தனி வாடகைக் கார்தான். அது கையைக் கடிக்கும்.

அந்தச் சாலையில் போகும்போது பையனை ஜன்னல் ஓரம் உட்காரவையுங்கள். "காடு எப்போது வரும்?" என்று கேட்பான். வரவே வராது. இரண்டு பக்கமும் செம்பனைதான். ஒரே உயரம், ஒரே இடைவெளி, மணிக்கணக்கில். குலைகளை ஏற்றிய லாரிகள் எதிரே வந்துகொண்டே இருக்கும். பறித்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போட்டால்தான் எண்ணெயின் தரம் நிற்கும் என்பதால், ஆலைகளும் தோட்டங்களுக்கு நடுவிலேயே இருக்கின்றன. கழிவுநீர்க் குட்டைகளும் அங்கேயே. ஜவ்வரிசி ஆலைகளைத் தாண்டிப் போய்ப் பழகிய சேலத்துக்காரருக்கு அந்தப் புளித்த வாடை புதிதாக இராது. (இரண்டாம் உலகப் போரில் மலாயா பக்கத்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோனதால்தான் 1943-இல் சேலத்தில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். நமக்கும் அந்த மண்ணுக்கும் கொடுக்கல் வாங்கல் பழையது.)

சுக்காவில் விலங்குகள் ஏன் இவ்வளவு எளிதாகக் கண்ணில் படுகின்றன என்பதற்கான விடை இந்தச் சாலையில்தான் இருக்கிறது. சண்டகான் ஒரு காலத்தில் மரத்தால் கொழித்த துறைமுகம். கினபாத்தாங்கான் கீழ்ப்பகுதிக் காடுகளில் பெருமரங்களை 1950-களிலிருந்தே வெட்டினார்கள். 1980-களில் செம்பனை வேகமாகப் பரவியது. சமவெளிக் காடு அனைத்தும் போய், வெள்ளம் ஏறுவதால் தோட்டம் போட முடியாத ஆற்றோரப் பட்டை மட்டும் மிஞ்சியது. 2005-இல் அதைக் கீழ்க் கினபாத்தாங்கான் வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். சுமார் 26,000 ஹெக்டேர். அதுவும் ஒரே காடாக இல்லை, பத்துத் துண்டுகளாக ஆற்றின் நெடுகச் சிதறிக் கிடக்கிறது. சில இடங்களில் கரையோர மரவரிசைக்குப் பின்னால் செம்பனை ஓலைகள் எட்டிப் பார்ப்பதைப் படகிலிருந்தே காணலாம். யானை, ஓராங்குட்டான், பத்து வகைக் குரங்கினங்கள், எட்டு வகை இருவாச்சிப் பறவைகள் எல்லாம் இந்தப் பட்டைக்குள் ஒதுங்கியிருக்கின்றன. விளம்பரத் துண்டுகளில் "விலங்குகள் நிறைந்த சொர்க்கம்" என்று போடுவார்கள். உண்மையில் அவை ஒண்டுவதற்கு வேறு இடம் இல்லாமல் ஆற்றங்கரையில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

இதைச் சொல்வதால் போகாதீர்கள் என்று அர்த்தமில்லை. நம் ரேஷன் கடையில் குடும்ப அட்டைக்கு 25 ரூபாய்க்குக் கொடுக்கும் பாமாயில் பாக்கெட்டை வாங்காத வீடு சேலத்தில் எத்தனை? உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. ஒரு ஹெக்டேரில் செம்பனை கொடுக்கும் அளவு எண்ணெயை நிலக்கடலையோ சூரியகாந்தியோ கொடுப்பதில்லை. அதனால்தான் அது மலிவு. தோட்டக்காரர்களை மட்டும் வில்லனாக்கிப் பேசும் வெள்ளைக்காரப் பயணிகளை அங்கே நிறையப் பார்ப்பீர்கள். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சட்டத்தை மீறியவர்களும் உண்டு. மூன்று மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றின் இரு கரையிலும் 20 மீட்டர் அகலத்துக்கு மரங்களை விட்டுவைக்க வேண்டும் என்று சபாவின் 1998-ஆம் வருட நீர்வளச் சட்டம் சொல்கிறது. தண்ணீர் விளிம்பு வரை செம்பனை நிற்கும் இடங்களைக் கண்டால் அந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் காணப்போவது. மாலை நான்கு மணிக்குப் படகு ஏறுவீர்கள். எட்டுப் பேர், பத்துப் பேர் உட்காரும் ஃபைபர் படகு; பின்னால் மோட்டார். பெரிய ஆற்றில் சிறிது தூரம் போய் மெனங்குல் என்ற சிற்றாற்றில் நுழைவார்கள். நல்ல படகோட்டி என்றால் அங்கே பெட்ரோல் மோட்டாரை நிறுத்திவிட்டு, பேட்டரியில் ஓடும் சிறு மோட்டாரைத் தண்ணீரில் இறக்குவார். அதன்பிறகுதான் காடு பேசத் தொடங்கும்.

முதலில் ஒரு கிளை ஆடும். காற்றே இல்லாதபோது ஒரு கிளை மட்டும் ஏன் ஆடுகிறது என்று பார்த்தால், மூக்கன் குரங்குக் கூட்டம். போர்னியோத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத குரங்கு இது. ஆண் சுமார் இருபது கிலோ எடை, வாய்க்குக் கீழே வரை தொங்கும் மூக்கு, தொந்தி, செங்கல் நிற முதுகு, வெள்ளை வால். பெண்ணுக்கு மூக்கு சிறியது, நுனி மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். பிறந்த குட்டியின் முகம் கருநீலமாக இருக்கும். வளர வளரத்தான் நிறம் மாறும். ஒரு ஆண், பல பெண்கள், குட்டிகள் என்று ஒரு குடும்பம். குடும்பம் அமையாத இளவட்ட ஆண்கள் தனியே ஒரு கூட்டம். அந்தத் தொந்தி வெறும் கொழுப்பு அன்று. இலையும் பழுக்காத காயும்தான் அதன் உணவு. பல அறைகள் கொண்ட இரைப்பையில் அவை புளித்துச் செரிக்க நேரம் பிடிக்கும். நன்றாகக் கனிந்த இனிப்புப் பழத்தை மிகுதியாகத் தின்றால் வயிறு ஊதி உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆகவே ஏற்காட்டுச் சாலையில் குரங்குகளுக்கு வாழைப்பழம் எறிந்து பழகிய கையை இங்கே கட்டிப்போட வேண்டும் என்று பையனிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவும்.

பகலில் இவை காட்டுக்குள் மேயும். பொழுது சாயும்போது ஆற்றோர மரத்துக்கு வந்து இரவு தங்கும். தண்ணீர்ப் பக்கம் இருந்தால் படைச் சிறுத்தை போன்ற எதிரிகள் வரும் வழி ஒன்று குறையும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். மாலைப் படகும் விடியற்காலைப் படகும் வைத்திருப்பதே இதனால்தான். மதியம் போனால் வெறும் இலைதான். கூட்டம் உட்கார்ந்தபிறகு பெரிய ஆண் மூக்கால் ஒரு கனைப்புப் போடும். பெண்களுக்குள் சச்சரவு வந்தால் அதை அடக்கவும் அதே குரல். சில நேரம் ஆற்றின் மேல் குறுகலான இடம் பார்த்துக் கிளையிலிருந்து கிளைக்குத் தாவும். தப்பினால் தண்ணீரில் விழுந்து நீந்திப் போய்விடும். விரல்களுக்கிடையே சவ்வு உண்டு. என் கருத்தில், சுக்காவுக்குப் போவதற்கு இந்த ஒரு குரங்கு போதும். மற்றவை கிடைத்தால் லாபம்.

மற்றவற்றில் ஓராங்குட்டானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தனியாகத் திரியும்; அத்திமரம் பழுத்திருந்தால் அருகில் காத்திருக்கலாம். ஒவ்வொரு இரவும் கிளைகளை வளைத்துப் புதுக்கூடு கட்டிப் படுக்கும். ஆள் கண்ணில் படாவிட்டாலும் பழைய கூடுகள் மர உச்சியில் காய்ந்த இலைக் குவியலாகத் தெரியும். அதற்கு நீந்தத் தெரியாது. முன்பு சிற்றாறுகளின் இரு கரைப் பெருமரங்களும் மேலே கைகோத்து நின்றன. மரம் வெட்டியபின் அந்த வழி அறுந்துவிட்டது. சுக்காவில் இயங்கும் ஹூத்தான் என்ற ஆய்வுக் குழுவினர், உள்ளூர் இளைஞர்களோடு சேர்ந்து, பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிச் சிற்றாறுகளின் மேல் பாலம் கட்டினார்கள். அதில் ஓராங்குட்டான் கடந்து போனதைப் பதிவும் செய்திருக்கிறார்கள். படகு அந்தக் குழாய்ப் பாலத்தின் அடியில் போகும்போது பலரும் அதை மின்கம்பி என்று நினைத்துத் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். நிமிர்ந்து பாருங்கள்.

யானை பார்ப்பது உறுதி இல்லை. போர்னியோ யானை நம் யானையை விடச் சிறியது, வால் நீளமானது. 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகத் தனியே பட்டியலிட்டது. காட்டில் மிஞ்சியவை சுமார் ஆயிரம் என்பது அதன் மதிப்பீடு. கூட்டம் ஆற்றோரமாக மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருக்கும். உங்கள் நாட்களில் சுக்காவ் பக்கம் இருந்தால் பார்க்கலாம். இல்லையென்றால் மணிக்கணக்கில் படகில் துரத்திப் பயனில்லை. யானைதான் ஆசை என்றால் முதுமலைக்கோ கபினிக்கோ போவது சுலபம். 2017-இல் சுக்காவில் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டும் திட்டத்தை அரசு கைவிட்டது; யானை வழித்தடம் இன்னும் துண்டாகிவிடும் என்ற எதிர்ப்பு அதற்கு முக்கிய காரணம். ஊர்க்காரர்களில் பாலம் வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். மருத்துவமனைக்கும் சந்தைக்கும் அக்கரையிலிருந்து படகில் வருகிறவருக்கு அது நியாயமான ஆசைதான். இதைப் படகோட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே ஊரில் இரண்டு விதமான பதில் வரும்.

இருவாச்சியைக் கண்ணை விடக் காது முதலில் பிடிக்கும். பெரிய வகை பறக்கும்போது இறக்கை எழுப்பும் இரைச்சல் தலைக்கு மேல் தெளிவாகக் கேட்கும். அம்மாவுக்குப் பாம்புத்தாராவையும் செம்பருந்தையும் காட்டுங்கள். இரண்டும் நம் ஏரிகளில் உள்ளவை. தெரிந்த முகத்தைப் பார்த்த மகிழ்ச்சி அவருக்கு வரும். இரவுப் படகு தனிக் கட்டணம். ஒருமுறை கட்டாயம் போகலாம். டார்ச் வெளிச்சத்தில் கைக்கெட்டும் உயரக் கிளையில் மீன்கொத்தி தலையை உள்ளிழுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். நிறம் பகலில் கண்டதை விடப் பளிச்சென்று தெரியும். வெளிச்சத்தை நீண்ட நேரம் அதன்மேல் நிறுத்தவோ ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்கவோ வேண்டாம். மிரண்டு இருட்டில் பறந்தால் அடிபடும்.

முதலை. ஆம், இருக்கிறது. நம் காவிரியில் உள்ளது சதுப்புநில முதலை. ஒகேனக்கல் மறுவாழ்வு மையத்தில் பார்த்திருப்பீர்கள். கினபாத்தாங்கானில் இருப்பது உவர்நீர் முதலை. உடல் பெரியது, குணமும் வேறு. ஆற்றில் இறங்கி மீன் பிடிக்கும் உள்ளூர்க்காரர்களை அது தாக்கிய சம்பவங்கள் உண்டு. படகில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் விதி இரண்டு: கையைத் தண்ணீரில் விடக்கூடாது, துறையில் இறங்கிக் கால் கழுவக்கூடாது. காவிரிக் கரைப் பழக்கத்தில் ஆற்றைக் கண்டதும் கால் நனைக்கத் தோன்றும். பையனை விட அம்மாவிடம்தான் இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும். லைஃப் ஜாக்கெட்டைப் படகு புறப்படும் முன்பே கட்டிவிடுங்கள். சிறுவர் அளவு இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பெரியவர் அளவை ஒன்பது வயதுப் பையனுக்குப் போட்டால் தண்ணீரில் தலைக்கு மேல் கழன்றுவிடும்.

மெனங்குலில் ஒரு குறை உண்டு. மாலையில் எல்லா விடுதிப் படகுகளும் அதற்குள்தான் வரும். ஒரு ஓராங்குட்டான் தென்பட்டால் படகுகள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு வழி, காலை ஆறு மணிக்கெல்லாம் முதல் படகாகக் கிளம்பிவிடுவது. அல்லது அருகிலுள்ள வளைவு ஏரிக்கு அழைத்துப்போகச் சொல்வது. காலை நேரத்தில் ஒரு விஷயம்: மலேசியா முழுவதும் ஒரே கடிகாரம், இந்தியாவை விட இரண்டரை மணி முன்னே. கோலாலம்பூரில் ஏழு மணிக்கு விடியும், கிழக்கே இருக்கும் சபாவில் ஆறுக்கே வெளுத்துவிடும், மாலையும் அதற்கேற்ப ஆறேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். தங்கை வீட்டு நேரத்துக்குப் பழகிய உடம்போடு எழுந்தால் முதல் படகு போய்விட்டிருக்கும்.

தங்குவதற்குப் பெரிய விடுதிகளும் உண்டு, கிராமத்து வீடுகளில் ஹோம்ஸ்டேயும் உண்டு. அம்மா வருவதால் சுக்காவில் எங்கே தங்கினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: படகுத் துறைக்குப் படிகள் எத்தனை, கைப்பிடி இருக்கிறதா? ஆற்று மட்டம் இறங்கியிருக்கும் காலத்தில் மரப்படிகள் செங்குத்தாகவும் சேறாகவும் இருக்கும். மூட்டுவலி உள்ளவருக்கு அங்கேதான் சிரமம். படகில் உட்கார்ந்த பிறகு ஒன்றுமில்லை. மற்றபடி எனக்கு ஹோம்ஸ்டேதான் பிடிக்கும். பணம் நேராக ஊருக்குள் போகிறது, படகு ஓட்டுகிறவரும் அந்த வீட்டுக்காரராகவே இருப்பார். சாப்பாடு, படகு, வேன் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்வார்கள். எத்தனை படகுப் பயணம் அதில் அடங்கும் என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளவும். செலவில் பெரும்பங்கு விமான டிக்கெட்டுக்கே போகும். ஊரில் ஆகும் செலவு அதற்கடுத்துதான். வயதில் மூத்த படகோட்டியை "பாக்சிக்" என்று கூப்பிடுங்கள், இளையவரை "அபாங்" என்று. நம் ஊரில் சித்தப்பா, அண்ணன் என்பது போல. முகம் மலர்ந்துவிடும். ஊருக்குள் நடக்கும்போது முழங்காலை மறைக்கும் உடை போதும்.

சைவம்தான் உண்மையான சிக்கல். சோறு தாராளமாகக் கிடைக்கும். கூட மீன், கோழி, இறால். "கீரை இருக்கிறது, அது சைவம்தானே" என்று நல்லெண்ணத்தோடு காங்கோங் பொரியல் வைப்பார்கள். நம் வள்ளைக்கீரைதான் அது. ஆனால் அதில் பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்ந்திருக்கும். சம்பல் சட்னியிலும் அதேதான். ஆகவே "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மீன், இறால், பெலாச்சான், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்று முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். தங்கையை மலாயில் எழுதித் தரச் சொல்லி அந்தக் காகிதத்தை அம்மா பையிலேயே வைத்துவிடலாம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அவல் இருந்தால் மூன்று நாளும் கவலை இல்லை. தயிர் எதிர்பார்க்க வேண்டாம்.

மே மாதம் நல்ல தேர்வு. பெருமழை நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போது ஆறு கரை ஏறும், சாலையும் முழுகும். மற்ற மாதங்களிலும் மழை இல்லை என்று எண்ண வேண்டாம். ஏற்காட்டில் பெய்வதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அங்கே ஒரு வருடத்தில் பெய்யும். குடை படகில் உதவாது, தலை மூடிய மழை அங்கி வேண்டும். காட்டுக்குள் நடக்க அழைத்தால் அட்டைக் கடி நிச்சயம்; அட்டை உறை என்று முழங்கால் வரை வரும் துணிக் காலுறை விற்பார்கள், வாங்கிப் போட்டால் தீர்ந்தது. அம்மா அந்த நடையைத் தவிர்த்துவிடலாம். கொசு விஷயத்தில் சற்றுக் கவனம் தேவை. குரங்கிலிருந்து கொசு வழியே மனிதருக்கு வரும் ஒரு வகை மலேரியா சபாவில் உண்டு; காட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்வோருக்கே அது பெரும்பாலும் வருகிறது. மாலையில் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி, ஊர் திரும்பியபின் சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் "சபா போயிருந்தேன்" என்று மருத்துவரிடம் சொல்வது, இவ்வளவும் வேண்டும். புறப்படுமுன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடவும்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாப்பிள்ளை கேட்பார். கிழக்குச் சபாக் கடலோரத்தில் முன்பு ஆட்கடத்தல் சம்பவங்கள் நடந்ததுண்டு. 2013-இல் லகாட் டத்துவில் நடந்த ஆயுதக் குழுவின் ஊடுருவலுக்குப் பிறகு அந்தக் கடற்கரை முழுவதையும் சிறப்புப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தார்கள். சுக்காவ் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. தீவுகளுக்குப் போகும் யோசனை இருந்தால் அன்றைய அறிவிப்புகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கோமந்தோங் குகை சுக்காவ் போகும் வழியிலேயே வரும். சுண்ணாம்புக்கல் குகை, உழவாரன் பறவைகள் எச்சிலால் கட்டும் கூட்டைப் பிரம்பு ஏணியில் ஏறி எடுப்பார்கள். சீனர்களின் சூப்புக்காக நூற்றாண்டுகளாக நடக்கும் வணிகம். மாலையில் வௌவால்கள் புகை போலக் கிளம்பும். பையன் துள்ளிக் குதிப்பான். ஆனால் தரை முழுக்க வௌவால் எச்சமும் கரப்பான் பூச்சியும்; நடைபாதைக் கைப்பிடியைத் தொட்டால் கை வழுக்கும். அம்மாவை வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் நான்கு நாளை இப்படிப் பிரிப்பேன். முதல் நாள் கோலாலம்பூரிலிருந்து அதிகாலை விமானம். சண்டகானில் இறங்கி 25 கிலோமீட்டரில் உள்ள செபிலோக் போய் இரவு அங்கே. 1964-இல் தொடங்கிய ஓராங்குட்டான் மறுவாழ்வு மையம் அது. பிற்பகல் மூன்று மணிக்கு உணவு வைப்பார்கள். எதிரிலேயே சூரியக் கரடி மையம். காட்டில் ஓராங்குட்டான் கிடைக்காவிட்டாலும் பையனுக்கு ஏமாற்றம் இராது. இரண்டாம் நாள் நண்பகல் வேனில் சுக்காவ், வழியில் குகை, மாலைப் படகு. மூன்றாம் நாள் காலை, மாலை, இரவு என மூன்று படகு. மதிய வெயிலில் நன்றாகத் தூங்குங்கள். நான்காம் நாள் விடியற்காலைப் படகு முடிந்ததும் கிளம்பினால் நண்பகலுக்குள் சண்டகான். திரும்பும் விமானத்தை மூன்று மணிக்கு முன்னால் போடாதீர்கள். கோலாலம்பூர்–சண்டகான் டிக்கெட்டை முதலில் எடுத்து, அதன் நேரத்தைப் பார்த்தபிறகு ஹோம்ஸ்டேக்கு முன்பணம் கட்டுங்கள். மே மாதப் பள்ளி விடுமுறை மலேசியாவிலும் இடையில் வரலாம் என்பதால், மார்ச் முடிவதற்குள் இந்த இரண்டையும் முடித்துவிடுவது நல்லது.